கடலில்லாத கிளப்பில் கறுப்புக் கடலை

பரிஸில், லா சப்பலில் எங்களுக்கு ஒரு கிளப் இருந்தது என்று இப்போது சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். ரூ பெர்தொனேயில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே, ஒரேயொரு அறை. யன்னலைத் திறந்தால் கொத்துரொட்டி போடுகிற தகரச் சத்தம் காதைப் பிளக்கும், மூடினால் மூச்சு முட்டும். அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு இருந்து முந்நூற்றுநாலு விளையாடினோம். ஊரில் மதகடியில் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விளையாடுகிற சீட்டுக் கடுதாசி விளையாட்டு அது. அதைக் கழுத்துப்பட்டியோடு விளையாடிய கூட்டம் உலகத்தில் எங்களைத் தவிர வேறு இருந்திருக்காது.

எல்லாம் தலைவரின் வேலை. தலைவர் என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேளாது. 'கொமடோர்' என்று சொல்ல வேண்டும். இளமையில் அவர் கொழும்பில், வெள்ளைக்காரர் தொடக்கிய ஒரு பாய்ப்படகுக் கிளப்பில் கிளாக்கராக இருந்தவர். அந்த வகைக் கிளப்புகளில் தலைவருக்குக் கடற்படைக்காரன் மாதிரி இப்படி ஒரு பட்டம் உண்டாம். எங்கள் கொமடோருக்குப் படகு இல்லை, கடல் இல்லை. கிட்டடியில் உள்ள தண்ணீர் என்றால் கால்வாய்தான், அதிலும் தாராக்கள்தான் ஓடும். மனுசனுக்கு நீந்தவும் தெரியாது என்று அவருடைய மனைவி ஒருநாள் கீழே கடையில் வைத்து எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார்.

கடுதாசி பிரிக்க முன்னம் அவர் சரித்திரம் சொல்லுவார். தப்ப முடியாது. கிளப் என்பது இலண்டன் கோப்பிக் கடைகளில் தொடங்கியதாம். கோப்பிக் கடையில் காசு உள்ள எவனும் வந்து பக்கத்தில் குந்தலாம் என்பது பிரபுக்களுக்குப் பிடிக்கவில்லை. கடையைத் தங்களுக்கென்று அடைத்து, கதவில் ஆளை நிறுத்தி, உள்ளே வருகிறவனைத் தாங்களே தெரிந்தெடுக்கத் தொடங்கினார்கள். படகு மோகம் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. "எங்கடை யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டினாங்களே, அதே ஆக்கள்" என்று தலைவர் சொல்லும்போது அந்தப் பெருமையில் எங்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கும். ஒல்லாந்தர் இங்கிலாந்து ராசாவுக்கு ஒரு வேகப்படகைப் பரிசாகக் கொடுக்க, ராசாவுக்கு அதில் விசர் பிடிக்க, பிரபுக்களும் ஆளுக்கொன்று கட்டினார்கள். பிறகு அயர்லாந்துத் துறைமுகம் ஒன்றில் படகுக்காரர் கூடி ஒரு கிளப் தொடங்கினார்கள். கொடி காட்டுவது, பீரங்கி வெடிப்பது, வரிசையாக ஓடிப்போய்த் திரும்பி வந்து வயிறு முட்டச் சாப்பிடுவது. அவ்வளவுதான் வேலை.

"சாமான் ஏத்திறேல்லை, மீன் பிடிக்கிறேல்லை. சும்மா ஓடுறது. அதுதான் கனவான்" என்பார் தலைவர்.

எங்களோடு இருந்த மன்னார்க்காரர் ஒருவர் ஒருமுறை சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மீன் பிடிக்காத வள்ளத்தை எங்கடை ஆக்கள் விறகுக்குத்தான் குடுப்பினம்."

எனக்கு இந்தச் சரித்திரத்தின் மற்றப் பக்கமும் தெரியும். நான் ரெத்ரெத் எடுக்கும்வரை, அதாவது ஓய்வூதியம் வரும்வரை, பரிஸின் பணக்காரப் பக்கத்தில் ஒரு சேர்க்கிளில் பரிமாறுகிற வேலை செய்தவன். சேர்க்கிள் என்பது ஆங்கிலேயரைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர் தொடக்கிய கனவான் கிளப். தோல் கதிரைகளில் கிழவர்கள் பேப்பரை முகத்தில் மூடிக்கொண்டு நித்திரை கொள்வார்கள். ஒருவரோடு ஒருவர் கதைக்கவும் மாட்டார்கள். கதைக்காமல் இருக்க ஏன் இவ்வளவு செலவழித்து ஓரிடத்தில் கூடுகிறார்கள் என்று கனகாலம் எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒருநாள் விளங்கியது. அவர்களுக்கு உள்ளே இருப்பது பெரிதில்லை. வெளியே ஆர் நிற்கிறார்கள் என்பதுதான் பெரிது. தங்களுக்கெனக் கப்பலே வைத்திருந்த வியாபாரிகளை, ஒரு காலத்தில் கடையில் நின்று சீனி நிறுத்தவர்கள் என்பதற்காக, அந்தக் காலத்துப் படகுக் கிளப்புகள் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கின்றன. சிலோனில் வெள்ளைக்காரர் தங்கள் கிளப்புகளுக்குள் எங்கள் பெரியவர்களைச் சேர்க்கவில்லை. எங்கள் பெரியவர்களுக்கு ரோசம் வந்தது. தாங்களும் கிளப் தொடங்கி, பில்லியட் மேசை வாங்கிப் போட்டு, தங்களிலும் குறைந்தவர்கள் என்று நினைத்தவர்களை வாசலில் நிறுத்தினார்கள். இந்த இடத்தைத் தலைவர் தன் சரித்திரத்தில் தாண்டிப் போய்விடுவார்.

பிறகு நான் ஏன் அந்தக் கண்டறியாத கிளப்பில் சேர்ந்தேன் என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன். வாழ்நாள் முழுக்கக் கோட்டுப் போட்டு நின்று பரிமாறியவனுக்குக் கோட்டுப் போட்டு இருக்க ஆசை. வேறொன்றும் இல்லை.

சேர்க்கிளின் குசினியில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். என்னிலும் இளையவன். கோப்பை கழுவ வந்து, பார்த்துப் பார்த்தே பழகி, கடைசியில் சோஸ் வைக்கிற ஆளாக உயர்ந்தவன். வேலை முடிந்து ஒன்றாக மெத்ரோ எடுப்போம். சிரிக்காமல் பகிடி விடுவான். கடுதாசி விளையாட்டில் பேய்க்காய்: உன் கையில் என்ன துரும்பு என்று உன் கண் இமையைப் பார்த்தே சொல்லுவான். அவனுடைய ஊர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். அதற்கு மேலே நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஒருநாள் கிளப்பைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன். கொமடோர், கழுத்துப்பட்டி, சுவரில் மரப்பலகையில் அங்கத்தவர் பெயர்கள், எல்லாவற்றையும். அவன் சிரிக்கவில்லை.

"என்னையும் சேர்ப்பினமோ அண்ணை?" என்று கேட்டான்.

"உனக்கென்ன விசரே? அங்கை இருக்கிறதெல்லாம் கிழடுகள்."

"பறவாயில்லை. கேட்டுப் பாருங்கோ."

பிறகு, இரண்டு மூன்று தரிப்பிடம் போன பின், யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனுடைய ஊரில் ஒரு வாசிகசாலை இருந்ததாம். சின்ன வயதில் அவன் பேப்பர் பார்க்கப் போவான். உள்ளே உட்கார ஒரு மரவாங்கு இருந்தது. அவனை ஒருவரும் எழும்பு என்று சொன்னதில்லை, ஏனென்றால் அவன் ஒருநாளும் அதில் இருந்ததில்லை. யன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கிறவர் விரித்துப் பிடிக்கிற பக்கத்தைத்தான் வாசிப்பான். அவர் பக்கம் திருப்பினால் இவனுக்குச் செய்தி அரைவாசியில் நின்றுவிடும்.

"இருந்து பாக்கவேணும் அண்ணை, ஒருக்கா. எங்கடை ஆக்கள் நாலுபேருக்கு நடுவிலை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து, இஞ்சை பார், அப்பான்ரை பேர் சுவரிலை கிடக்கெண்டு காட்டவேணும்."

அவன் அவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் முன்மொழிகிறேன் என்று சொன்னேன். மனம் நிறைந்துதான் சொன்னேன்.

புதிதாக ஒருவரைச் சேர்ப்பது எங்கள் கிளப்பில் அதுதான் முதல் தடவை. நாங்கள் எல்லாரும் தொடக்கத்திலேயே கூடியவர்கள், ஒருவரை ஒருவர் தெரிந்தெடுக்கத் தேவைப்படவில்லை. தலைவருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. இங்கிலாந்து முறைப்படி நடக்கவேண்டும் என்றார். அந்த முறையில் கையைத் தூக்குவது கிடையாது. மூடிய பெட்டிக்குள் ஆளுக்கொரு குண்டு போடவேண்டும். வெள்ளைக் குண்டு என்றால் வரட்டும், கறுப்பு என்றால் வேண்டாம். ஒரேயொரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. ஆர் என்ன போட்டது என்று சாகும்வரை சொல்லக்கூடாது. எத்தனை கறுப்பு விழுந்தது என்றும் அறிவிக்கக்கூடாது. எண்ணுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

"குண்டுக்கு எங்கை போறது?" என்று கேட்டேன்.

கீழே கடை வைத்திருந்த அண்ணைதான் வழி சொன்னார். அவரும் எங்கள் அங்கத்தவர், அறையையும் அவர்தான் தந்தவர். நல்ல மனுசன், வாய் ஓயாது, கை தாராளம். "என்னட்டைக் கடலை கிடக்கு. வெள்ளையும் கிடக்கு, கறுப்பும் கிடக்கு. குண்டெண்டால் என்ன, கடலையெண்டால் என்ன" என்றார். தலைவர் முகத்தைச் சுளித்தார். அவர் கொழும்பில் யானைத்தந்தக் குண்டுகளைக் கண்டவர். ஆனால் வேறு வழியில்லை. இரண்டு கோப்பையில் இரண்டு விதக் கடலையும், மூடியில் ஓட்டை போட்ட ஒரு பால்மாப் பேணியும், முன்னால் ஒரு சீலைத் திரையும் ஏற்பாடாகின.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் புதுக் கோட்டோடு வந்தான். சவரம் செய்து, தலை இழுத்து, மணமாக. தலைவர் எழுந்து கை கொடுத்தார். எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. பிறகு தலைவர் கேட்டார்:

"தம்பி ஊரிலை எவடம்?"

அவன் ஊரைச் சொன்னான்.

"ஊர் தெரியும். ஊரிலை எவடம்? கோயிலடியோ, அங்காலையோ?"

யாழ்ப்பாணத்தான் ஒருவனும் உன் சாதி என்ன என்று நேரே கேட்கமாட்டான். இப்படித்தான் கேட்பான். கேட்கிறவனுக்கும் தெரியும், கேட்கப்படுகிறவனுக்கும் தெரியும், சுற்றி நிற்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்குக் காது சுட்டது.

"அங்காலை" என்றான் அவன். தலைவரின் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்.

"ஆ" என்றார் தலைவர். மற்றவர்கள் யன்னலைப் பார்த்தார்கள்.

முறைப்படி அவன் அறையில் நிற்கக்கூடாது. கீழே கடைக்கு இறங்கிப் போனான். தலைவர் வெள்ளை, கறுப்பு விளக்கத்தை ஆங்கிலமும் தமிழும் கலந்து நீட்டி முழக்கினார். கடைக்கார அண்ணை அப்போது அறையில் இல்லை. கீழே மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். விளக்கம் முடிந்து பாதிப்பேர் கடலை போட்டபிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். "திரைக்குப் பின்னாலை போய், உங்கடை மனச்சாட்சிப்படி ஒரு கடலையை எடுத்துப் பேணிக்குள்ளை போடுங்கோ அண்ணை" என்றார் தலைவர். அவர் போய்க் கொஞ்ச நேரம் நின்று, போட்டுவிட்டு வந்து தன் கதிரையில் இருந்தார்.

தலைவர் பேணியோடு திரைக்குப் பின்னால் போனார். வெளியே வரும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"விண்ணப்பதாரர் தெரிவாகவில்லை" என்றார், வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற குரலில்.

முன்மொழிந்தவன்தான் போய்ச் சொல்லவேண்டும் என்பதும் முறையாம். நான் இறங்கிப் போனேன். அவன் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஒன்றிலும் சாயாமல் நின்றான். என் முகத்தைப் பார்த்தவுடனேயே, "சரி அண்ணை, விடுங்கோ" என்றான். அவன் திரும்பி, கல்லாவில் இருந்த கடைக்கார அண்ணையின் மனைவியிடம் முருங்கைக்காய் ஒரு கட்டு வாங்கினான். "இவ்வளவு நேரம் கடைக்குள்ளை நிண்டிட்டு வெறுங்கையோடை போகக்கூடாது" என்றான். வாசலில் வைத்துத்தான் மெல்லமாகச் சொன்னான்:

"எவடம் எண்டு கேக்கேக்கையே எனக்குத் தெரியும்."

நான் மேலே போய்ப் பேயாட்டம் ஆடினேன். பொய் சொல்லவில்லை, மேசையில் அடித்த அடியில் கடுதாசி பறந்தது. "பரிஸுக்கு வந்தும் கோயிலடியும் அங்காலையும் உங்களுக்குப் போகேல்லை. வெள்ளைக்காரன் உங்களை வாசலிலை விட்டதுக்கு நீங்கள் இவனிலை பழி தீர்க்கிறியளோ?" என்று கத்தினேன். தலைவர் வெளிறிப்போய், "வாக்கு ரகசியம், வாக்கு ரகசியம்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர்தான் கறுப்பைப் போட்டார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. மன்னார்க்காரர் தலையைக் குனிந்து இருந்தார். கடைக்கார அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல பொடியன் தம்பி. ஆருக்கு இப்பிடி மனம் வந்துதோ தெரியேல்லை" என்று என் கையைப் பிடித்தார். நான் கழுத்துப்பட்டியைக் கழற்றித் தலைவருக்கு முன்னால் போட்டுவிட்டு இறங்கினேன். அதோடு நான் கிளப்பில் இல்லை.

அதற்குப் பிறகு அவன் மெல்ல மெல்ல விலகினான். சண்டை பிடித்திருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். அவன் சண்டை பிடிக்கவில்லை. பரிஸுக்கு வெளியே, சென் தெனியில் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை எடுத்துக்கொண்டு சேர்க்கிளை விட்டான். லா சப்பலுக்கு வருவதை நிறுத்தினான். மீனும் மரக்கறியும் இப்போது அங்கேயே சந்தையில் வாங்குவதாகச் சொன்னான். தொலைபேசி எடுத்தால் மரியாதையாகக் கதைப்பான். "ஓம் அண்ணை, சுகம் அண்ணை, வைக்கட்டோ அண்ணை." சிநேகிதன் மரியாதையாகக் கதைக்கத் தொடங்கினால் முடிந்தது கதை. அவனுடைய மகளின் கலியாணம் நடந்ததை லா சப்பலில் ஒரு புடவைக் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். எனக்கு அழைப்புக் காட் வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், மனைவியோடு ஒன்றுமில்லாததுக்கு எரிந்து விழுந்தேன். சொன்னால் என்ன, கவலையாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அந்தக் கலியாணத்தை நினைத்தால் கவலைதான்.

கிளப்பிலும் அதற்குப் பிறகு ஒருவரையும் முன்மொழிய ஒருவருக்கும் துணிவு வரவில்லை என்று கேள்வி. பல வருடங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே கடையில் கருவாடு பார்த்துக்கொண்டு நின்றேன். கடையில் எனக்குக் கோபமில்லை, மேல்மாடியில்தான் கோபம். கடைக்கார அண்ணையின் மருமகன் கோட்டும் சூட்டுமாக மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றான். என் சிநேகிதன் நின்ற அதே இடம். மாமனாரே முன்மொழிந்திருக்கிறார் என்று அந்தப் பொடியன் சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் அண்ணை தடதடவென்று படியிறங்கி வந்தார். முகம் சிவந்துபோயிருந்தது.

"தெரிவாகேல்லையாம். என்ரை மருமகன் தெரிவாகேல்லையாம். என்ரை அறைக்குள்ளை இருந்துகொண்டு தலைவர் சொல்லுறார்" என்றார் என்னைப் பார்த்து. "என்ன அநியாயம் தம்பி இது. நான் என்ரை கையாலை, பாத்துப் பொறுக்கி, நல்ல கறுப்புக் கடலை ஒண்டு போட்டனான்."

எனக்குக் கருவாட்டுப் பொதி கையிலேயே நின்றது.

"என்ன போட்டனீங்கள் அண்ணை?"

"கறுப்பு."

"ஏன் கறுப்பு?"

"வேறை என்னத்தைப் போடுறது?" அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "வெள்ளை எங்கடையே? அது அரபுக்காரர் கூஸ்கூஸுக்கு வாங்குற கடலை. கோயிலிலை எதை அவிச்சுப் படைக்கிறது? சரசுவதி பூசைக்கு எதை அவிக்கிறது? எங்கடை ஆள் எண்டால் எங்கடை கடலை. பிறத்தி ஆள், வேண்டாம் எண்டால் வெள்ளை. வெள்ளை செத்தவீட்டு நிறமெல்லோ."

கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்டேன்.

"அண்டைக்கு என்ரை சிநேகிதனுக்கு?"

"அவருக்கும் அதுதானே. கோப்பைக்குள்ளை கிண்டிப் பெரிய கடலையா எடுத்துப் போட்டனான். பாவம், கோட்டெல்லாம் போட்டு ஆசையா வந்த பொடியன் எண்டு."

நான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். வெள்ளை என்றால் வரட்டும், கறுப்பு என்றால் வேண்டாம், ஒன்று விழுந்தாலும் போதும். அன்றைய விளக்கத்தை அவர் கேட்கவில்லை, இந்தமுறை எல்லாருக்கும் தெரியும்தானே என்று தலைவர் சொல்லவுமில்லையாம். அவர் அரிசி மூட்டையில் இருந்துவிட்டார். அந்த வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்து நான் கண்டதில்லை.

"அப்ப அது நானோ?" என்றார் கடைசியில்.

நான் மேலே ஏறிப்போனேன். எறிந்துவிட்டு வந்த அறைக்குள் மறுபடி கால் வைத்தேன். தலைவர் தனியே பேணியோடு இருந்தார். மெலிந்து கிழண்டுபோயிருந்தார். விசயத்தைச் சொன்னேன். அவர் பேணியை மேசையில் வைத்தார். "அண்டைக்கு ஒரு கறுப்புத்தான் தம்பி. ஒண்டே ஒண்டு. நான் போட்டது வெள்ளை. முறையெண்டு ஒண்டு இருக்கே, சொல்லேலாதெல்லோ. இவ்வளவு காலமும் எல்லாரும் என்னைத்தான் நினைச்சவை, எனக்குத் தெரியும்" என்றார். எவடம் என்று ஏன் கேட்டீர்கள் என்று கேட்டேன். "பழக்கதோசம்" என்றார். எனக்கு அவரை அடிக்கவும் மனம் வந்தது, பக்கத்தில் இருக்கவும் மனம் வந்தது. இரண்டும் செய்யவில்லை.

அடுத்த நாளே சென் தெனிக்குப் போனேன். கடைக்கார அண்ணை தானும் வருவதாக வெளிக்கிட்டு, மெத்ரோ வாசல்வரை வந்து, "என்னெண்டு முழிப்பன் அவரின்ரை முகத்திலை" என்று திரும்பிவிட்டார். வண்டிக்குள் இருந்து வசனம் வசனமாக யோசித்துக்கொண்டு போனேன். சந்தோசமாகத்தான் போனேன். இதைச் சொன்னால் தீர்ந்தது, எல்லாம் ஒரு கடலைப் பிழை, அவன் விழுந்து விழுந்து சிரிப்பான், ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வந்து நடுவில் இருத்தி முதல் கை அவனுக்குப் போடுவது என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன்.

அவன்தான் கதவைத் திறந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே கூப்பிட்டு இருத்தி, தானே தேத்தண்ணீர் வைத்துக்கொண்டு வந்தான். நான் அடிமுதல் நுனிவரை சொன்னேன். கூஸ்கூஸ் கடலை என்று சொன்னபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லாகச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. நானும் சிரித்தேன். பெரிய கடலையாகப் பார்த்துப் போட்டாராம் என்றபோது சிரிப்பை நிறுத்தினான்.

"பெரிய கடலையோ?" என்றான்.

"ஓம். கிண்டி எடுத்தவராம்."

"நல்ல மனுசன்" என்றான். "அவரிட்டைச் சொல்லுங்கோ, எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லையெண்டு. அவரைப் பாக்கோணும் போலையும் கிடக்கு. கட்டாயம் சொல்லுங்கோ."

"நீயே வந்து சொல்லன். இந்த ஞாயிறு வா. எல்லாரும் காத்துக்கொண்டிருக்கினம். ஒரு கறுப்புத்தான் விழுந்தது, அதுவும் பிழையா விழுந்தது. மற்றதெல்லாம் வெள்ளை. உன்னை எல்லாருக்கும் விருப்பம், விளங்குதே? முழுப்பேருக்கும்."

அவன் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். பக்கத்து அறையில் பேரப்பிள்ளை பிரெஞ்சில் ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"நம்புறன் அண்ணை" என்றான். "அவர் பிழையாத்தான் போட்டிருப்பார். தலைவரும் வெள்ளைதான் போட்டிருப்பார். எல்லாம் நம்புறன். ஆனா ஒண்டு கேக்கட்டோ?"

"கேள்."

"அண்டைக்கு அந்த அறைக்குள்ளை இருந்த ஒவ்வொருத்தருக்கும் தான் வெள்ளை போட்டது தெரியும். பக்கத்திலை இருக்கிறவரையும் இளமையிலை இருந்து தெரியும். ஒருத்தராவது, உதென்ன, உப்பிடி வராதே, எங்கையோ பிழை நடந்திருக்கு, திருப்பி எண்ணுங்கோ, திருப்பிப் போடுங்கோ எண்டு சொன்னவையோ?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே தொடர்ந்தான்.

"மாமனாருக்குத் தன்ரை மருமகன் தள்ளுப்பட்டவுடனை பிழை எண்டு தெரிஞ்சுதல்லோ? அந்தப் பொடியனுக்கு அப்பிடி வராது எண்டு அவருக்குத் தெரியும். எனக்கு வந்தவுடனை எல்லாரும் அதை ஏத்துக்கொண்டிட்டினம். கவலைப்பட்டவை, இல்லையெண்டில்லை. ஒருத்தருக்கும் இது புதினமா, அதிசயமா இருக்கேல்லை."

"நான் சண்டை பிடிச்சனான்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியும் அண்ணை. மேசையிலை அடிச்சது கீழை தெருவிலை எனக்குக் கேட்டது. மறக்கமாட்டன்." கோப்பையை வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தான். அதில் ஒரு கோபமும் இருக்கவில்லை. "உங்களுக்கும் புதினமா இருக்கேல்லைத்தானே?"

இல்லை, இருந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அவன் எழுந்து, குளிர் என்று சொல்லி, என்னை மெத்ரோவரை கொண்டுவந்து விட்டான்.